புது அவுட்போர்டு இன்ஜினைப் பழக்கும் முதல் பத்து மணி நேரம்

வள்ளத்தின் பின்பலகையில் மாட்ட எங்கள் சித்தப்பா வாங்கிய புது இன்ஜின் மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான் என்பதால் பக்கத்து வள்ளத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பட்டறையில் ஹெட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆணியால் கிழித்த மாதிரி கோடுகள். அலுமினியம் இழைந்து சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியதுபோல் அப்பியிருந்தது. காரணம் இரண்டுதான். ஆயிலைக் குத்துமதிப்பாகக் கலந்திருந்தார். முதல் நாளே வலை, ஐஸ், நாலு ஆள் என்று ஏற்றிக்கொண்டு முழு ஆக்சிலேட்டரில் போயிருந்தார். இன்ஜினோடு வந்த கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வீட்டு அலமாரியில் கிடந்தது.

பிறகு நான் இன்ஜின் வாங்கியபோது ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, முதல் பத்து மணி நேரத்தையும் எழுதி எழுதி ஓட்டினேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் ஓடுகிற ஃபைபர் வள்ளத்தையும், அதில் மாட்டும் 9.9 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினையும் மனதில் வைத்திருக்கிறேன். ஃபோர்-ஸ்ட்ரோக்காரர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எதற்காக இந்தப் பத்து மணி நேரம்

புது சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. தொழிற்சாலையிலேயே மெல்லிய கீறல்களைக் குறுக்குமறுக்காகப் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆயில் அந்தக் கீறல்களில் தங்கும். பிஸ்டன் ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி உரசி, அதன் வடிவத்துக்குத் தாங்களும் தேய்ந்து பொருந்த வேண்டும். பொருந்தும்வரை உராய்வு அதிகம், சூடும் அதிகம். அந்த நேரத்தில் இன்ஜினைப் போட்டு அமுக்கினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சுவரைப் பிடிக்கும்.

பைக் வாங்கியவர்களுக்கு 'ரன்னிங் இன்' பழக்கம் தெரியும். ஆனால் பைக்குக்குச் சமதரை உண்டு, இறக்கம் உண்டு, சிக்னலில் நிற்கும் நேரம் உண்டு. வள்ளத்து இன்ஜினுக்கு இறக்கமே கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் எந்நேரமும் மலை ஏறுகிற வண்டிதான் அது. அதனால் பைக்கைவிட இதற்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் செய்யும் தவறு இது. பத்து மணி நேரமும் ஒரே மெதுவான வேகத்தில் உருட்டிக்கொண்டே இருப்பதும் கெடுதல்தான். ரிங்கை வெளிப்பக்கம் தள்ளிச் சுவரோடு அழுத்துவது உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம். கொஞ்சமாவது பாரம் கொடுத்தால்தான் அந்த அழுத்தம் வரும். பாரமே கொடுக்காமல் ஓட்டினால் ரிங் பொருந்தாது, சுவரில் ஆயில் வார்னிஷ் மாதிரி படிந்து மழுங்கிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவதுதான் பழக்குதல்.

மாட்டும்போது

கைத்திருகு இரண்டையும் இறுக்கி, ஓடிய முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள். அதிர்வில் கட்டாயம் நெகிழும். போல்ட் போட ஓட்டை இருந்தால் போல்ட்டும் போட்டுவிடுங்கள். இன்ஜினிலிருந்து வள்ளத்துக்கு ஒரு தடித்த கயிறோ சங்கிலியோ கட்டிவிடுவது என் வழக்கம்.

உயரம் முக்கியம். புரொப்பல்லருக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு தகடு இருக்கும். அது வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அதைவிட மேலே இருந்தால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சும். அப்போது பாரம் திடீரென்று விலகி இன்ஜின் கத்தும். புது இன்ஜினுக்கு அது ஆகவே ஆகாது. இன்ஜின் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு நீளத்தில் வரும். வாங்கும் முன்பே வள்ளத்தின் பின்பலகையை அளந்துகொண்டு போங்கள்.

கனமான வள்ளத்தில் சின்ன இன்ஜின் என்றால் புரொப்பல்லரைப் பற்றியும் கேளுங்கள். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், அதிகமான புரொப்பல்லர் போட்டால் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் இன்ஜின் தன் வேகத்துக்கு ஏறாமல் முக்கும். நான்காவது கியரில் மேடு ஏறும் வண்டியின் நிலைமை அது. கேட்க அமைதியாக இருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். கையேட்டில் முழு ஆக்சிலேட்டருக்கான சுற்று வரம்பு, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று, போட்டிருப்பார்கள். பாரம் ஏற்றிய வள்ளத்தில் அந்த வரம்பைத் தொட முடியவில்லை என்றால் பிட்ச் குறைந்த புரொப்பல்லர் வேண்டும். சுற்றை அளந்து காட்டும் டாகோமீட்டர் இல்லாத இன்ஜின் என்றால், விற்றவரிடம் ஒருமுறை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆயில் கலவை

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சாவதும் வாழ்வதும் இதில்தான். இதற்குப் பொதுவாகத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போய்ச் சேர வேண்டும்.

பழக்கும் காலத்தில் ஆயில் கூடுதலாக வேண்டும். யமஹா, டோஹாட்சு டூ-ஸ்ட்ரோக்குகளில் பொதுவாக 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். சுசுகியில் 30-க்கு 1. பத்து மணி நேரம் முடிந்ததும் பெரும்பாலானவற்றில் 50-க்கு 1. உங்கள் மாடலுக்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு. கணக்கு இதுதான்: 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 10 லிட்டருக்கு 400 மில்லி. 30-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு சுமார் 333 மில்லி. 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 24 லிட்டர் டேங்கை நிரப்புகிறீர்கள் என்றால் பழக்கும் காலத்தில் 960 மில்லி போகும். ஏறக்குறைய ஒரு லிட்டர் டப்பா முழுதும். "இவ்வளவா?" என்று தோன்றும். சித்தப்பாவுக்கும் அப்படித் தோன்றித்தான் குறைத்து ஊற்றினார்.

குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி கோடு போட்ட அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 100 மில்லி குவளையே போதும். டேங்கை வள்ளத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து, முதலில் கொஞ்சம் பெட்ரோல், அதில் மொத்த ஆயில், மூடிக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஆயிலைக் கடைசியில் ஊற்றினால் அது கனமாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டி வைத்த புனல் இல்லாமல் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

டப்பாவில் 'டிசி-டபிள்யூ3' என்று போட்டிருக்கும் ஆயில்தான் வேண்டும். பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் விற்கும் 2டி ஆயில் விலை குறைவு, பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் அது காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது, எரிந்தால் சாம்பல் விடும். தண்ணீரில் குளிர்ந்தபடியே மணிக்கணக்காகப் பாரம் இழுக்கும் இன்ஜினில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் ரிங் பள்ளத்திலும் படியும்.

எத்தனாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் ஓர் அளவு சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்து. அதாவது ஆயிலே இல்லாத திரவம் இன்ஜினுக்குப் போகும். என்ன நடக்கும் என்று சித்தப்பாவின் பிஸ்டனில் பார்த்தேன். எத்தனால் கலக்காத பெட்ரோல் எங்காவது கிடைத்தால் முதல் பத்து மணி நேரத்துக்காவது அதை வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மீதம் வைக்காமல் ஓட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஆயில் தானாகக் கலந்துகொள்ளும் வகை இன்ஜின் என்றால், சில நிறுவனங்கள் பழக்கும் காலத்தில் மட்டும் டேங்கிலும் ஆயில் கலக்கச் சொல்கின்றன. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.

நாளும் இடமும்

வலை ஏற்றாமல், ஐஸ் ஏற்றாமல், உங்களோடு ஒரே ஓர் ஆள் மட்டும். தொழிலுக்குப் போகும் நாளோடு இதைச் சேர்க்காதீர்கள். எங்கள் பக்கம் என்றால் சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கி இருக்கும், வாடைக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்). விடியற்காலையில் காற்று எழும் முன் போய்விட்டால் இரண்டு மூன்று மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். பாம்பன் பாலத்துக்குக் கீழே நீரோட்டம் கடுமையாக இருக்கும். அதை எதிர்த்துப் போக வேண்டும் என்றால் நம் விருப்பத்துக்கு ஆக்சிலேட்டரைக் குறைக்க முடியாது. முதல் பத்து மணி நேரத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

துடுப்பு, நங்கூரம், மிதவைச் சட்டை, போன், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு மாற்று பிளக். சிவப்புச் சுருள் கயிறு, அதாவது இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு, மணிக்கட்டிலோ சட்டையிலோ மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்துவிட்டால் வள்ளம் உங்கள் மேலேயே வட்டம் அடித்து வரும்.

முதல் ஒரு மணி நேரம்

புரொப்பல்லர் தண்ணீரில் முழுக்க இறங்கியிருக்கட்டும். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறங்கள். ரப்பர் பல்பை அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கியர் நியூட்ரலில். சோக் இழுத்து, ஆக்சிலேட்டரை ஸ்டார்ட் குறிக்குக் கொண்டுவந்து, கயிற்றை முதலில் மெதுவாக இழுங்கள். கனம் தட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணி அடிக்கிறதா? இன்ஜின் பின்பக்கம் ஒரு சின்னத் துளையிலிருந்து விடாமல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கடல்நீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விக்கும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பம்புக்குள் இருப்பது ரப்பர் இறக்கை. தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே கருகிவிடும். கரையில், வெறும் காற்றில் "சத்தம் மட்டும் கேட்போம்" என்று ஸ்டார்ட் செய்வதை இதனால்தான் கூடாது என்கிறேன்.

முதல் பத்து நிமிடம் நியூட்ரலிலோ மெதுவான முன் கியரிலோ, மிகக் குறைந்த வேகத்தில். சூடானதும் சோக்கைத் தள்ளிவிடுங்கள். நீலப் புகை வரும். ஆயில் கூடுதலாகக் கலந்திருக்கிறோம், அதனால் பயப்பட வேண்டாம்.

அடுத்த ஐம்பது நிமிடம் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாதீர்கள். சுற்றுக் கணக்கில் 3000-க்குள். டாகோமீட்டர் இல்லாததால் நான் ஒரு வழி செய்தேன். முழுக்க முறுக்கும் இடம், மூடும் இடம் இரண்டையும் பார்த்து, கைப்பிடியில் பாதிக்கும் முக்காலுக்கும் நெயில் பாலிஷால் ஒவ்வொரு கோடு போட்டேன். கறுப்பு ரப்பரில் சிவப்புக் கோடு வெயிலிலும் நன்றாகத் தெரியும். பாதி முறுக்கு என்றால் சரியாகப் பாதிச் சுற்று என்று ஆகாது. ஆனாலும் கை மறந்து போய்விடாமல் இருக்க அது போதும்.

இந்த ஐம்பது நிமிடமும் ஒரே வேகத்தில் போகக் கூடாது. ஐந்து நிமிடம் பாதி, இரண்டு நிமிடம் கால், மறுபடி கொஞ்சம் ஏற்றல். ஏற்றும்போது படக்கென்று முறுக்காமல் சீராக ஏற்றுங்கள்.

எனக்கு முதல் நாளே ஒன்று நடந்தது. நாற்பதாவது நிமிடம் இருக்கும். கூட வந்த தம்பி, "அண்ணே, தண்ணி சன்னமா வருது" என்றான். திரும்பிப் பார்த்தால் பீய்ச்சல் நூலாக இளைத்திருந்தது. நிறுத்தி இன்ஜினைத் தூக்கினோம். உறிஞ்சும் துளைகளின் மேல் ஒரு கேரி பை ஒட்டிக்கொண்டு, அதற்குள் கடற்புல் அடைத்திருந்தது. எடுத்துவிட்டு, ஒரு பத்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். ஆழம் குறைந்த இடத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் கூட ஓர் ஆள் வேண்டும், அவர் வேலை பின்னால் பார்ப்பது மட்டும்.

இரண்டாவது, மூன்றாவது மணி நேரம்

இப்போது முக்கால் ஆக்சிலேட்டர் வரை போகலாம், சுமார் 4000 சுற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுக்க முறுக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு முக்காலுக்குக் கீழே இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அந்த ஒரு நிமிடம் முக்கியம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதும் அதுதான், இன்ஜின் முழு வேகம் எடுக்கிறதா என்று நமக்குக் காட்டுவதும் அதுதான்.

காது இதற்குள் பழகியிருக்கும். ஆக்சிலேட்டரைத் தொடாமலே சத்தம் கனத்து வேகம் தானாகக் குறைந்தால் உடனே முறுக்கைக் குறையுங்கள், தயங்காதீர்கள். பிஸ்டன் பிடிக்கப் போகிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. தண்ணி அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடலாம். அடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு நங்கூரம் போடுங்கள்.

நான்கு முதல் பத்து வரை

இங்கே விதி ஒன்றுதான்: முழு ஆக்சிலேட்டரில் ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மற்றபடி வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டலாம். ஏழு மணி நேரம் தாண்டியதும் நான் அரை வலை ஏற்றிப் பக்கத்திலேயே வளைத்துவிட்டு வந்தேன். பாரத்தை இப்படிப் படிப்படியாக ஏற்றினால் வள்ளத்தின் கனத்துக்கும் இன்ஜின் பழகும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மாடல் என்றால், அதற்கென்றே செய்த இன்ஜினாக இருக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோல் இன்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஆறிய சிலிண்டரில் மண்ணெண்ணெய் முழுக்க எரியாமல் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் கயிறு இழுத்துத் தோள்பட்டை போய்விடும். இரண்டு டேங்கிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கரைக்கு வந்ததும்

ஓடிய சூட்டோடு படக்கென்று நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீர். நான் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை அறுத்து, இன்ஜின் காலை அதற்குள் இறக்கி, உறிஞ்சும் துளைகள் நன்றாக முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் ஐந்து நிமிடம் ஓட்டுவேன். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு. ஆனாலும் உள்ளே உப்பு காய்ந்து குழாய் அடைத்தால் ஆகும் செலவுக்கு முன் இது ஒன்றுமில்லை. சில மாடல்களில் குழாய் மாட்டி இன்ஜினை ஓட்டாமலே கழுவத் தனித் துளை இருக்கிறது. டிரம்மில் ஓடுவதை மட்டும் பழக்கும் மணிக்கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பாரம் கிடையாது.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால்

பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயில் தனியாக உள்ளே இருக்கும். பல இன்ஜின்கள் காலியாகத்தான் பெட்டியில் வரும், அதனால் முதலில் ஆயில் ஊற்றி, இன்ஜினை நேராக நிறுத்தி, அளவுக்குச்சியைப் பாருங்கள். யமஹா ஃபோர்-ஸ்ட்ரோக்கில் முதல் மணி நேரம் 2000 சுற்று, இரண்டாவது மணி நேரம் 3000, அடுத்த எட்டு மணி நேரம் முழு ஆக்சிலேட்டரில் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான முறை. பழக்கும் காலத்தில் தினமும் அளவுக்குச்சியைப் பாருங்கள். குறைவது மட்டுமல்ல, ஏறினாலும் கவனிக்க வேண்டும். ரிங் பொருந்தாத புது இன்ஜினைச் சூடேறவிடாமல் மெதுவாகவே ஓட்டினால் பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு சேரும். அளவு ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று இன்ஜினிலேயே படம் போட்டிருக்கும். மாற்றிப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

பத்து மணி நேரம் முடிந்தது

டேங்கில் மீதமிருக்கும் ஆயில் கூடுதலான கலவையைத் தீர்த்துவிட்டு, அப்புறம் 50-க்கு 1 கலவைக்கு, அல்லது கையேட்டில் போட்ட அளவுக்கு மாறுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் இதுவரை ஆயில் கூடுதலாக ஓடியதன் விளைவாக இருக்கலாம், துடைத்துப் போட்டு அடுத்த பத்து மணி நேரம் கவனியுங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே சூடு அதிகம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடைசியாக கியர் ஆயில். பல டூ-ஸ்ட்ரோக் கையேடுகள் முதல் மாற்றத்தை 10 மணி நேரத்திலும், ஃபோர்-ஸ்ட்ரோக் கையேடுகள் பல 20 மணி நேரத்திலும் செய்யச் சொல்கின்றன. இன்ஜினை நேராக நிறுத்தி, முதலில் கீழ்த்திருகு, பிறகு மேல்திருகு. வழிந்து வருவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். சாம்பல் நிறத்தில் விரலில் ஒட்டும் மை மாதிரி இரும்புப் பொடி இருக்கும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தியதில் வந்தது அது, இந்த முதல் முறைக்கு அது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் துண்டுகள் இருந்தால் விற்றவரிடம் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள், உத்தரவாதக் காலம் இன்னும் இருக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக அழுத்தி ஏற்றுங்கள், மேல்துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை. அப்படியே பிடித்தபடி முதலில் மேல்திருகைப் போட்டு, பிறகு குழாயை எடுத்துக் கீழ்த்திருகைப் போட்டால் ஆயில் வெளியே ஓடாது. இரண்டு திருகுக்கும் புது வாஷர் போடுங்கள்.